அட்டையில் விடுபட்ட வசனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் எங்கள் தென்மாவட்டப் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தவர்கள் ‘வெற்றி வாழ்வு’, ‘ஜெயஜீவியம்’, ‘ஆசீர்வாதப் பெருவிழா’ என்ற தலைப்புகளில் ஒட்டப்பட்டிருக்கும் கூட்ட விளம்பரங்களைக் கவனித்திருப்பார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போய் வந்த கிறிஸ்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த ஆண்டுக்குரிய வாக்குத்தத்த (இறைவாக்குறுதி) வசனம் அச்சிட்ட அட்டை ஒன்று சுவரிலோ, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ இடம் பிடித்திருக்கும். என் தங்கை வீட்டுக்கு இவ்வாண்டு வந்த அட்டையில், சூரியகாந்திப் பூக்களின் நடுவே, ‘முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே’ என்ற பாதி வசனம் தங்க நிற எழுத்தில் இருந்தது. விவிலியத்தில் பவுல் எழுதிய ரோமர் நிருபம் (கடிதம்) 8ஆம் அதிகாரம் 37ஆம் வசனத்தின் பிற்பகுதி அது. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்ட ஒரு கேள்விதான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

என் மைத்துனர் சிறுநீரகம் செயலிழந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டு, சென்ற ஆண்டு காலமானார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவளுடைய வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் பலர். பெரும்பாலானோர் நல்லவர்கள், கைநிறையப் பழங்களோடு வந்து கண்ணீரோடு திரும்பியவர்கள். ஆனால் ஒரு பிரசங்கியார் மட்டும், நோயாளியின் கட்டிலுக்கு அருகிலேயே நின்றுகொண்டு, ‘இந்த வீட்டில் ஏதோ தடை இருக்கிறது, முழு இருதயத்தோடு தேவனில் அன்புகூருகிறவர்களுக்கு இப்படி நேராது, ஜெயஜீவியம் இங்கே இன்னும் தொடங்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனார். மைத்துனர் போய் ஏழு மாதங்கள் கழித்து, அந்த அட்டையைச் சுட்டிக்காட்டி, “அண்ணன், நான் முழு இருதயத்தோட ஜெபிக்கலையோ?” என்று தங்கை கேட்டாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். இறையியல் கற்றவனல்லன். ஆயினும் வசனத்தை வாசிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் அவளுக்குச் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அந்த அட்டை வசனத்தின் முன்பாதியை விட்டுவிட்டது. முழு வசனம் இது: ‘இவையெல்லாவற்றிலேயும் நாம் நம்மில் அன்புகூருகிறவராலே முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே.’ ‘இவை’ என்பது சுட்டுப்பெயர். சுட்டப்பட்டவை எவை என்று அறியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருள் கொள்ள இயலாது. அவை அதற்குச் சற்று முன்னே வரிசையாக நிற்கின்றன: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம் (ஆபத்து), பட்டயம் (வாள்). அவற்றோடு சேர்ந்து நிற்கும் வரியோ, ‘அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்’ என்று பழைய ஏற்பாட்டுச் சங்கீதத்தின் ஒரு வரியை எடுத்துக்காட்டி, அப்படி ‘நேரிட்டாலும்’ என்று முடிகிறது. அந்த ‘ஆலும்’ விகுதியின் தோளில் ஏறித்தான் 37ஆம் வசனத்தின் வெற்றி நிற்கிறது. பசியையும் பட்டயத்தையும் கத்தரித்துவிட்டு வெற்றியை மட்டும் தங்க எழுத்தில் அச்சிடுவது, வேரை வெட்டிவிட்டுப் பூவைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

இலக்கணம் கற்பித்த பழக்கம் விடாது. இன்னும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ‘இவையெல்லாவற்றிலேயும்’ என்பதிலுள்ள ‘இல்’ ஏழாம் வேற்றுமை உருபாகவும் வரும், ஐந்தாம் வேற்றுமை உருபாகவும் வரும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். மலையின் வீழ் அருவி என்பதைப்போல நீங்கற் பொருளில் இதைக் கொண்டால், துன்பங்களிலிருந்து விலகி வெற்றி பெறுகிறோம் என்று பொருள்படும். சுவரொட்டிகள் படிப்பது அப்படித்தான். ஆனால் வாக்கியத்தின் போக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இது இடப்பொருள். துன்பங்களுக்குள் இருந்துகொண்டே, அவை நீங்காத நிலையிலும், ஜெயங்கொள்ளுகிறோம் என்பதே பவுல் எழுதியது. அவர் கேட்ட கேள்வியும் ‘துன்பம் எப்போது நீங்கும்?’ என்பதன்று, ‘கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார்?’ என்பதே. அந்த அன்பிலிருந்து பிரிக்கப்படாமல் இருப்பதற்குத்தான் அவர் ஜெயம் என்று பெயரிட்டார். டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த மனிதர், அந்த நான்கு மணி நேரமும் பக்கத்துக் கட்டில்காரரின் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஜெயஜீவியம் தொடங்கவில்லை என்று சொன்னவர் அந்த அறைக்குள் ஐந்து நிமிடம்கூட நின்றவரல்லர்.

‘முழு இருதயத்தோடு’ என்ற சொற்றொடரும் இதே கதிக்கு ஆளாகியிருக்கிறது. அது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் வருகிறது: ‘நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக.’ யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் அறிக்கையின் பகுதி இது. ‘அன்பு செய்’ என்று சொல்லாமல் ‘அன்புகூர்’ என்று மொழிபெயர்த்தவர்களின் தமிழறிவை நான் வியக்காத நாளில்லை. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல். ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுதலே கூர்தல். இல்லாத அன்பை வலிந்து உண்டாக்கச் சொல்லவில்லை, இருப்பதை மிகுவிக்கச் சொல்கிறது அந்த வினை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட ஜனத்துக்கு, மீட்பு நடந்து முடிந்த பிறகு சொல்லப்பட்ட கட்டளை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்பு இங்கே முன்பணமன்று, நன்றி என்பது விளங்கும். முழுதாக அன்புகூர்ந்தால் முழுதாகக் கிடைக்கும் என்ற பேரம் அந்த வசனத்தில் எங்கும் இல்லை.

உண்மையில் அதே அதிகாரத்தில் அடுத்து வருவது ஓர் எச்சரிக்கை. நீ கட்டாத பட்டணங்களும், நீ நிரப்பாத வீடுகளும், நீ வெட்டாத துரவுகளும் (கிணறுகளும்), நீ நடாத திராட்சத் தோட்டங்களும் உனக்குக் கிடைத்து, நீ சாப்பிட்டுத் திருப்தியாகும்போது, கர்த்தரை மறவாதபடி எச்சரிக்கையாயிரு என்கிறார் மோசே. வறுமையில் மறந்துவிடுவாய் என்று அவர் அஞ்சவில்லை; வளத்தில் மறந்துவிடுவாய் என்றே அஞ்சினார். நிரம்பிய வீட்டை முழு இருதய அன்புக்குப் பரிசாக அறிவிக்கிற இன்றைய மேடைகள், அந்த அன்புக்கு வந்த முதல் சோதனையாக மோசே அதைக் கண்டதைச் சொல்வதில்லை. எரேமியா 29:11க்கும் அட்டைகளில் இதே நிலைதான். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பதை வேலைக்கும் விசாவுக்கும் வாக்குத்தத்தமாக வைத்துக்கொள்கிறோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் வரி அது; அதற்கு முந்தைய வசனம் அங்கே 70 ஆண்டுகள் முடிய வேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட முதியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க முடியும்?

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் உரைகல் உண்டு. நான் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன். ஆயினும் கத்தோலிக்கர் புனிதராகக் கொண்டாடும் தேவசகாயத்தின் வரலாற்றை, ஜெயஜீவியம் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1712இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர் அவர். கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து வீட்டில் அடுக்கடுக்காக இழப்பு நேர்ந்து கலங்கியிருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுக்காரரான டிலனாய், அவருக்குச் சொன்ன முதல் விவிலியக் கதை யோபுவின் கதை என்று அவர் வரலாறு கூறுகிறது. ‘அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்’ என்று சொன்னவனின் கதை. ‘எங்கள் தேவனிடம் வந்தால் உங்கள் மாடுகள் திரும்பி வரும்’ என்று டிலனாய் சொல்லியிருந்தால் அது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், லாசர் என்ற பெயரின் தமிழாக்கமான தேவசகாயம் என்ற பெயரைப் பெற்றார். அதன்பின் அவருக்குக் கிடைத்தவை பதவி உயர்வும் பரிசும் அல்ல. 1749இல் கைது செய்யப்பட்டு, எருமை மீது ஏற்றி ஊரூராக இழிவுபடுத்தி நடத்தப்பட்டு, மூன்று ஆண்டு சிறைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகேயுள்ள காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். ஏழே ஆண்டுக் கிறிஸ்தவ வாழ்வு. உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 2012இல் அருளாளராகவும், 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார். இன்றைய சுவரொட்டி அளவுகோலின்படி அவருடையது தோல்வி வாழ்க்கை. வேலை போயிற்று, வீடு போயிற்று, உயிரும் போயிற்று. காற்றாடிமலைக்குச் சென்று அந்த இடத்தில் மண்டியிடுகிற ஆயிரக்கணக்கான எளிய மக்களுக்கோ, ‘இவையெல்லாவற்றிலேயும்’ என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தின் பிற்கால வரலாற்றை இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர் என்று நினைவுகூரப்படுகிறவர். புனிதர் பட்டத்தின்போது அவருடைய பெயரோடு சாதிப்பட்டம் சேர்க்கப்படவில்லை. ஆனால் அவ்வூரில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், வெள்ளாளர் ஒரு பக்கமும் நாடார் ஒரு பக்கமும் ஒருவரையொருவர் காணாமல் நின்று வழிபடும்படி இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. வேடிக்கையாகக் கால்சட்டைக் கோயில் என்று அதை அழைத்தவர்கள் உண்டு. 1910இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது அதை எதிர்த்து வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கு தோற்றது நல்ல செய்தி. வழக்குப் போடுமளவுக்கு ஒரு சுவரை நேசித்தார்களே என்பது அவமானம். ‘தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?’ என்று யோவான் கேட்டதை அந்த ஆலயத்திலும் வாசித்திருப்பார்கள். இரு பக்கத்தாருக்கும் கேட்கும்படிதான் வாசித்திருப்பார்கள்.

கத்தோலிக்கரைச் சுட்டிக்காட்டிவிட்டு என் வீட்டை மறைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் சபைகளிலும் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் பிரித்த ஊர்கள் உண்டு; சபைத் தேர்தல் வந்தால் உறவும் பணமும் சாதியும் ஆலய வாசலிலேயே வாக்கு எண்ணுகிற காட்சியையும், தோற்றவர்கள் அடுத்த வாரமே நீதிமன்றத்துக்கு நடக்கிற காட்சியையும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அசனப் பண்டிகையன்று ஒரே பந்தலில் எல்லாரும் அமர்ந்து சோறும் குழம்பும் உண்கிறோம். மறுநாள் பெண் பார்க்கும்போது யார் எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். இயேசுவிடம் பிரதான கற்பனை (கட்டளை) எது என்று வேதபாரகன் கேட்டது ஒன்றைத்தான். அவர் இரண்டைச் சொன்னார், பிறனிடத்தில் அன்புகூருவதை இரண்டாவதாகச் சேர்த்தார். கேட்காமலே அவர் சேர்த்ததை நாம் கேட்டும் சேர்ப்பதில்லை. ஜெயஜீவிய மேடைகளில் சாதியை ஜெயிப்பது பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் மகிழ்வேன்.

இந்த ‘வெற்றியுள்ள கிறிஸ்தவ ஜீவியம்’ என்ற பேச்சு நம்மூருக்கு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கெசிக் என்ற ஊரில் 1875இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த கூட்டங்கள் இப்போதனைக்குப் பெயர் பெற்றவை. அங்கே ஜெயம் என்றால் பாவத்தின் மேல் ஜெயம்: கோபம், பொறாமை, பொய், இச்சை ஆகியவற்றுக்கு அடிமைப்படாமல் கிறிஸ்துவுக்குள் நடப்பது. வங்கிக் கணக்கு அதில் வரவேயில்லை. அக்கூட்டத்தாரால் அனுப்பப்பட்ட முதல் மிஷனரி, அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் ஊர் திரும்பவேயில்லை. நெல்லைச் சீமையின் களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் அபாயத்திலிருந்த சிறுமிகளுக்கு அவர் தாயாக இருந்த கதை இப்பகுதியில் அறியாதார் இல்லை.

பலர் அறியாதது, அல்லது அறிந்தும் மேடையில் சொல்லாதது, அதன் பிற்பகுதி. 1931 அக்டோபரில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற மாலையில், அவர் குழியில் விழுந்து காலும் கணுக்காலும் பழுதுபட்டார். அதன்பின் 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு படுத்திருந்தார். அவர் நிறுவிய வளாகத்திலேயே பரம சுக சாலை என்ற மருத்துவமனை இருந்தது, அவருக்காகக் குழந்தைகளும் பெரியவர்களும் ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே அவர் நூல்களும் கடிதங்களும் எழுதினார், வந்தவர்களை அழைத்துப் பேசினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் பருகும் தொட்டி ஒன்றை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள். ஜெயஜீவியத்தைப் போதிப்பதற்கே பெயர் பெற்ற மேடையிலிருந்து அனுப்பப்பட்டவர் 20 ஆண்டு நோயாளியாக இருந்தார். என் தங்கை வீட்டுக்கு வந்த பிரசங்கியார் டோனாவூர் அறைக்குள் நுழைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அண்மைக்காலத்திலும் சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணியாற்றிவந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், பத்தும் ஆறும் வயதான அவருடைய மகன்கள் பிலிப்பும் திமோத்தேயுவும், வாகனத்துக்குள் உறங்கும்போதே எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்கள் மேல் தமக்கு வெறுப்பில்லை, மன்னித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே ஊர் திரும்பிவிடாமல் பாரிபடாவில் தங்கித் தொழுநோய் இல்லப் பணியைத் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அவரது வெற்றியாக நான் கருதுவது அந்த விருதை அன்று. கணவரையும் இரு பிள்ளைகளையும் இழந்த ஒரு பெண்ணின் இருதயத்தில் பகை குடியேற முடியாமற்போன அந்த நாளையே கருதுகிறேன். பட்டயம் வந்தது; கிறிஸ்துவின் அன்பிலிருந்து பிரிக்க அதனால் இயலவில்லை.

இவ்வளவும் சொன்னதால் சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது என்றோ, ஏழை ஒருவர் வேலையும் வீடும் கேட்டு மன்றாடுவது கீழானது என்றோ நான் சொல்வதாக எவரும் கருதிவிடக் கூடாது. ‘அன்றன்றுள்ள ஆகாரத்தை’ கேட்கக் கற்றுக்கொடுத்தவர் இயேசுவே. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கக் கடவன் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். நானும் மைத்துனருக்காக எண்ணெய் பூசி ஜெபித்த கூட்டத்தில் கண்ணீரோடு நின்றவன்தான். ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்ற வசனத்தை எங்கள் பாட்டனார் தலைமுறை எதற்காகப் பற்றிக்கொண்டது என்பதையும் மறக்க முடியாது. மேலாடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தெருவில் நடப்பதற்கும் போராடிய மக்கள் அவர்கள். ஒரு மிஷன் பள்ளியும் ஒரு சிலேட்டும் அவர்களுக்கு உண்மையாகவே தலைநிமிர்வாக இருந்தன. பசித்தவன் ஆசீர்வாதம் கேட்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கிடைக்காதவனைப் பார்த்து, உன் அன்பு முழுதன்று என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பற்றியே என் புகார்.

அந்தத் தீர்ப்புக்கு வேதத்தில் இடமில்லை என்பதற்கு எபிரெயர் 11ஆம் அதிகாரம் ஒன்றே போதும். விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்த அதிகாரம் அது. அதில் 34ஆம் வசனத்தில் சிலர் விசுவாசத்தினாலே ‘பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்’. 37ஆம் வசனத்தில் வேறு சிலர் ‘பட்டயத்தினாலே வெட்டப்பட்டு’ மரித்தார்கள். பட்டயம் ஒன்றே, அதிகாரம் ஒன்றே, விசுவாசமும் ஒன்றே. தப்பினவரும் தப்பாதவரும் நற்சாட்சி பெற்றதாக 39ஆம் வசனம் இருவரையும் சேர்த்தே முடிக்கிறது. ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் நாம் 34ஆம் வசனத்துக்காரருக்கு மட்டும் ஒலிவாங்கியைக் கொடுக்கிறோம். 37ஆம் வசனத்துக்காரர்களின் விதவைகள் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முழு அன்பு அன்றாட வாழ்வில் எப்படியிருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு என் பாட்டி. உலையில் அரிசி போடும் வேளைதோறும் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்; மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் ஒருவேளைச் சோறு மட்டுமே இருந்த நாள்களிலும் அந்தப் பிடி தவறியதில்லை. ‘முழுப் பலத்தோடும்’ என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் எனக்குத் தெரிகிறது. நெல்லைத் தமிழர்கள் 1903இல் வெளிநாட்டுப் பணம் இல்லாமல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் பகுதிக்குத் தம்மவர்களையே அனுப்பினார்கள். அந்தப் பணியை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இப்படிப்பட்ட பணிகளைத் தாங்கிய காணிக்கைகளில் என் பாட்டியைப் போன்றவர்களின் பிடியரிசியும் இருந்திருக்கிறது. அந்தப் பாட்டிக்குக் கடைசிவரை சொந்த வீடு அமையவில்லை.

மாற்கு சுவிசேஷம் உபாகமத்தின் வரிசையில் ‘முழு மனதோடும்’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சிந்திக்கிற மனமும் தேவனுக்குரியது என்பதை நாம் இன்னும் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லி, சர்க்கரை நோயாளிகளை இன்சுலினிலிருந்து விலக்குகிறவர்கள் இன்றும் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்ததை வேளை தவறாமல் விழுங்குவதும், அறிக்கையைப் புரிந்துகொள்ளக் கேள்வி கேட்பதும் மனதால் அன்புகூருவதன் பகுதிகள் என்றே நான் நம்புகிறேன். அதேபோல, பாவத்தின் மேல் ஜெயம் என்ற பழைய பொருளையும் மீட்க வேண்டியிருக்கிறது. கையூட்டு வாங்காத வருவாய்த்துறை எழுத்தர், எடையில் குறைக்காத மளிகைக்காரர், பிரிந்த சகோதரனோடு சொத்து வழக்கை வாபஸ் வாங்கியவர், குடியை விட்டு நான்காம் ஆண்டில் நடக்கிறவர் ஆகியோரின் சாட்சிகளே எனக்கு ஜெயஜீவியமாகப் படுகின்றன. ‘நாம் தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்வதே அவரிடத்தில் அன்புகூருவதாம்’ என்று யோவான் எழுதிய அடுத்த வசனத்தில்தான், ‘நம்முடைய விசுவாசமே உலகத்தை ஜெயிக்கிற ஜெயம்’ என்று வருகிறது. அன்பும் கீழ்ப்படிதலும் ஜெயமும் அங்கே ஒரே மூச்சில் நிற்கின்றன. நான் இந்த மூன்றிலும் தேறியவனல்லன். குறிப்பாக அந்தப் பிரசங்கியாரை நினைக்கும்போது எழும் கோபத்தை ஜெயிக்க இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

தங்கைக்கு இவற்றையெல்லாம் நான் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. வேதாகமத்தைத் திறந்து ரோமர் 8இல் 35ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். ‘இவையெல்லாவற்றிலேயும்’ என்ற இடத்தில் சற்று நிறுத்தி, ‘அவங்க கட்டிலும் இதுக்குள்ளதான் வருது, இல்லையா?’ என்று கேட்டாள். அன்று மாலை அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து, வெற்றிடமாயிருந்த மேற்பகுதியில் விடுபட்ட வரிகளைத் தன் கையால் எழுதி, மறுபடியும் அதே இடத்தில் மாட்டினாள்.

அடுத்த டிசம்பர் 31க்கு வாக்குத்தத்த அட்டை அச்சிடப்போகும் சபையாருக்கும் அச்சகத்தாருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 37ஆம் வசனத்தைத் தேர்ந்தெடுத்தால் 35ஐயும் 36ஐயும் அதனுடன் சேர்த்து அச்சிடுங்கள். அட்டையில் இடம் போதாது என்றால், சூரியகாந்திப் பூக்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.